ஒச்சாயி எடுத்த மூன்று தகடு

நெருப்பெரிச்சலில் சாமியப்பனின் நிட்டிங் கம்பெனிக்குள் காலைத் தட்டாமல் நுழைந்து, ஒச்சாயியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் வெளியே வந்த ஆள் கிடையாது. நூல் பை இறக்க வரும் வேன்காரர், மீட்டர் பார்க்க வரும் கரண்ட் ஆபீஸ்காரர், சாமியப்பனின் சொந்த மச்சினன், எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். வாசலில் ஒரு சாக்கு கிடக்கும். அதில் காலைத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தேய்த்த மாதிரி பாவனை செய்தவர்களைத் திரும்பக் கூப்பிட்டு மறுபடியும் தேய்க்க வைப்பாள்.

அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இருபது வருஷத்துக்கு முன்னால் புருஷன் பொன்னுச்சாமியோடும் ஒரே மகளோடும் பஸ் ஏறி வந்தவள். முதலில் ஒரு பெரிய பனியன் கம்பெனியில் செக்கிங்கில் நின்றாள். துணியில் ஓட்டை, கறை, பிசிறு பார்த்துப் பார்த்துக் கண் மங்கியதும் அங்கே மரியாதையாக அனுப்பி வைத்துவிட்டார்கள். அப்போதுதான் சாமியப்பன் இரண்டு மெஷினோடு இந்த ஷெட்டைத் தொடங்கியிருந்தார். கூட்டிப் பெருக்க வந்தவள், மெஷின் எட்டான பிறகும் இங்கேயே இருக்கிறாள். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. பொன்னுச்சாமிக்கு இடுப்பு எலும்பு தேய்ந்து இரண்டு வருஷமாக வேலைக்குப் போக முடியவில்லை. ஷெட்டுக்குப் பின்னால் லைன் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறார்கள். அந்த அறையும் சாமியப்பனுடையதுதான். வேலை போனால் அறையும் போகும். இந்த வயதில் இன்னொரு கம்பெனி வாசலில் போய் நின்றால் யார் எடுப்பார்கள் என்ற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு.

நிட்டிங் ஷெட்டில் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். ஒரு மெஷினில் கறுப்பு நூல் ஓடி, பக்கத்து மெஷினில் வெள்ளை ஓடும்போது, கறுப்புப் பஞ்சு ஓர் இழை போய் வெள்ளைத் துணியில் உட்கார்ந்தால் போதும், அந்த ரோல் முழுதும் திரும்பி வந்துவிடும். ஒச்சாயி வந்த பிறகு அப்படி ஒரு ரோல் திரும்பியதில்லை. ஆபரேட்டர் மாறுவார்கள், ஒச்சாயிம்மா மாற மாட்டார் என்று சாமியப்பன் ஆர்டர் தரும் பார்ட்டிகளிடம் சொல்வார். அவள் காதுபடத்தான் சொல்வார். மனுஷிக்கு ஏதாவது ஒரு பெருமை வேண்டாமா? அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான். அந்தப் பெருமை கொஞ்சம் அளவு மீறிப் போயிருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். துடைத்ததையே துடைப்பாள். நேற்று தேய்த்த கதவுத் தாழ்ப்பாளை இன்று கழற்றித் தேய்ப்பாள். யாரும் அவளைத் தடுத்ததில்லை. சுத்தம் செய்கிறவளை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

ஷெட்டுக்குப் பின்புறம், தகரக் கூரை போட்ட தனி அறையில் ஒரு பழைய ஜெனரேட்டர் இருந்தது. மாதத்துக்கு ஒரு நாள் கரண்ட் ஆபீஸ் ஷட்டௌன் வரும். அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை அதுதான் கதி. அந்தப் பக்கம் டீசல் இன்ஜின், இந்தப் பக்கம் கரண்ட் எடுக்கும் ஆல்டர்னேட்டர், இரண்டையும் நடுவில் ஒரு கப்ளிங் சேர்த்துப் பிடித்திருக்கும். இரண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லையென்றால் தடதடவென்று அடித்துக்கொள்ளும். ஒரு வருஷமாக அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது. லைன் வீட்டில் கைக்குழந்தைகள் ஷட்டௌன் நாள் முழுக்க அழுதன. அதைச் சரிசெய்யத்தான், ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால், ராபின் வந்தான்.

ராபின் தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஊர்க்காரன். முப்பத்தைந்து வயதிருக்கும். அங்கே படகு இன்ஜின் மெக்கானிக்காக இருந்தவன், பெண்டாட்டி நதியாவுக்கு இங்கே டெய்லர் வேலை கிடைத்ததால் நான்கு வருஷத்துக்கு முன் வந்து, பெருமாநல்லூர் ரோட்டுப் பக்கம் கம்பெனி கம்பெனியாக ஜெனரேட்டர், மோட்டார், பம்பு என்று அலைன்மென்ட் பார்த்து வந்தான். அன்றைக்கு ஆபரேட்டர்கள் எல்லாரும் மெஷினில் இருந்ததால், கப்ளிங்கைச் சுற்றிக் கொடுக்க ஒச்சாயியைக் கூப்பிட்டான். அவள் கால் சுற்று சுற்றி நிறுத்துவாள். அவன் கப்ளிங்கின் இரண்டு முகத்துக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்து இடைவெளி பார்ப்பான். மேலே, கீழே, இடது, வலது, நான்கு இடத்திலும் ஒரே அளவு வர வேண்டும். தலைமுடி கனத்தில் பாதி வித்தியாசம் இருந்தாலும் உதட்டைப் பிதுக்குவான்.

பேச்சு வாக்கில் ஒரு பாய்மரப் படகைப் பற்றிச் சொன்னான். எங்கிருந்தோ கடல் கடலாகச் சுற்றி வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் படகு அது. காற்று இல்லாதபோது இன்ஜினைப் போட்டால், பின்னால் விசிறியைச் சுற்றும் ஷாஃப்டு உதறி, படகுக்குள் தம்ளர் நிற்காதாம். வேறொரு மெக்கானிக் படகைக் கரையில் ஏற்றி ஷாஃப்டை இரண்டு தடவை நேராக்கியும், தண்ணீரில் இறக்கினால் அதே சத்தம். கரையில் இருக்கும்போது படகின் வயிறு ஒரு மாதிரி உட்காரும், தண்ணீரில் வேறு மாதிரி உட்காரும் என்று ராபின்தான் சொல்லி, ஒரு நாள் முழுக்க மிதக்க விட்டு, மிதக்கும்போதே கப்ளிங்கைப் பிரித்து அளந்து சரிசெய்தானாம். அந்த வெள்ளைக்கார அம்மா படகின் பலகையில் காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தாராம். அதைச் சொல்லும்போது ராபின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை ஒச்சாயியால் புரிந்துகொள்ள முடிந்தது. தன் வேலையில் தானே மயங்குகிற ஆளை அவளுக்குத் தெரியாதா?

இன்ஜினை அரைமணி நேரம் ஓடவிட்டு நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் மறுபடியும் அளந்தான். "இரும்பு சூடானா வளரும்க்கா. ஆறிக் கெடக்கும்போது நேராக்கி வச்சா, ஓடுதப்போ கோணிக்கிடும்" என்றான். அதற்காக ஆல்டர்னேட்டரின் பின்கால்களுக்கு அடியில் மெல்லிய பித்தளைத் தகடு வைத்துக் கொஞ்சம் உயர்த்த வேண்டும் என்று சொன்னான். அந்த நேரத்தில் ஒரு டெலிவரி வந்து, வாசலில் காலைத் தட்டச் சொல்ல ஒச்சாயி ஓடினாள். அவள் திரும்பி வந்தபோது ராபின் ஸ்பேனர்களைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் மகளுக்குக் காய்ச்சல் என்று நதியா போன் செய்திருந்தாள். வேலை முடிந்தது, கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பதுதான் பாக்கி, பூஜை முடிந்து வருகிறேன் என்று சாமியப்பனிடம் சொல்லிவிட்டுப் போனான். பூஜை முடிந்தும் வேலை நெருக்கடியில் அவனால் வர முடியவில்லை.

மறுநாள் ஒச்சாயியின் நாள். ஆயுத பூஜைக்கு முன்தினம் திருப்பூரில் எந்தக் கம்பெனியும் நெய்யாது, தைக்காது, கழுவும். எட்டு மெஷினையும் துடைத்துவிட்டு அவள் ஜெனரேட்டர் அறைக்குள் போனாள். ஆல்டர்னேட்டரின் கால் போல்ட்டுகளில் துரு ஏறியிருந்தது. சந்தனம் குங்குமம் வைக்கப் போகிற மெஷினில் துருவா என்று அவளுக்குத் தாங்கவில்லை. டூல்ஸ் பெட்டியிலிருந்து ஸ்பேனர் எடுத்து, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். பின்கால்களுக்கு அடியில் கறுப்பாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. ரோல் வண்டியை நெம்பும் கம்பியால் காலை ஒரு மயிரிழை தூக்கி, வளைந்த கம்பியால் உருவினாள். பித்தளை நிறமே தெரியாமல் கிரீஸ் அப்பி, தகரத்துண்டு மாதிரி மூன்று வந்தன. ராபின் சொன்ன தகடு நினைவுக்கே வராமல், ஏதோ உடைந்த பிசிறு என்று நினைத்துக்கொண்டாள். அந்த இடத்தையும் தேய்த்துத் துடைத்து, போல்ட்டுகளைத் தன் பலம் முழுக்கப் போட்டு முறுக்கினாள். மூன்று துண்டையும் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. சாமி படம் வைத்திருந்த மேசை ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. மூன்றையும் மடக்காமல் அடுக்கி அந்த மேசைக் காலுக்கு அடியில் கொடுத்தாள். மேசை அசையாமல் நின்றது. மறுநாள் எல்லாரும் அந்த மேசை முன்னால்தான் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பத்து நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை ஷட்டௌன். ஜெனரேட்டரைப் போட்டதும் எழுந்த சத்தத்தில் லைன் வீட்டுக் குழந்தைகள் மட்டுமல்ல, சாமியப்பனே வெளியே ஓடி வந்தார். முன்னைவிட மோசமாக இருந்தது. அடியில் இருந்த இரும்புப் பேஸோடு சேர்த்து அறையே அதிர்ந்தது. உடனே நிறுத்தச் சொல்லிவிட்டு ராபினைக் கூப்பிட்டார். எட்டு மெஷினும் நின்றன. அன்றைக்குத் தர வேண்டிய துணி தர முடியவில்லை.

ராபின் வந்து, போல்ட்டுகளைத் தட்டிப் பார்த்தான். எல்லாம் இறுக்கமாக இருந்தன. துரு போயிருந்ததை, பூஜைக்கு மேலாகத் தேய்த்தது என்று எடுத்துக்கொண்டான். கழற்றிப் பார்த்தவன் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டான். பின்கால்களுக்கு அடியில் தகடு இல்லை.

மூணு தகடு வச்சேனே என்று அவன் சொன்னதும், வாசலில் துணியோடு நின்றிருந்த ஒச்சாயிக்குச் சாமி மேசையின் கால் நினைவுக்கு வந்தது. அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தேவையில்லை, அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

சாமியப்பன் கத்துகிற மனுஷர் இல்லை. கோபம் வந்தால் இன்னும் மரியாதை கூடும், அதுதான் கேட்கிறவனை அதிகம் சுடும். "போல்ட்டு டைட்டா இருக்குதுங். அப்ப உள்ள வெச்ச தகடு எப்படிங்க போகும்? வெக்காமயே வெச்சேன்னு சொல்லிட்டீங்களாங்க?" என்றார். ராபின், இல்லை, யாரோ தொட்டிருக்கிறார்கள் என்றான். சாமியப்பன் திரும்பி, ஒச்சாயிம்மா, இந்த ரூமுக்குள்ள வேற ஆராச்சும் வந்தாங்களா என்று கேட்டார்.

"யாரும் வரல மொதலாளி" என்றாள் ஒச்சாயி.

யாரும் வரவில்லைதான். உண்மையைப் பேசிக்கொண்டே பொய் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு அப்போதே உறைத்தது. ஆனாலும் திருத்திச் சொல்லவில்லை. அறையில் படுத்திருக்கும் பொன்னுச்சாமியின் இடுப்புதான் அவள் கண்முன் நின்றது. அவளைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த அறையில் ஒரு மாதம் குடியிருந்து பார்த்தவர்கள் சொல்லட்டும்.

மனுஷருக்கு மனக்குறை என்றால் நாலு பேரிடம் சொல்லுவதுதானே வழக்கம்? சாமியப்பனும் பெருமாநல்லூரில் இரண்டு கம்பெனிக்காரர்களிடம் சொன்னார். புதன்கிழமை அந்த இரண்டு இடத்திலும் ராபினை வர வேண்டாம் என்றுவிட்டார்கள். இது டீக்கடை வழியாக ஒச்சாயியின் காதுக்கு வந்தது. அன்று அவள் சாப்பிட்ட சோறு இறங்கவில்லை. பொன்னுச்சாமி என்ன என்று கேட்டதற்கு, பித்தம் என்றாள்.

பயந்தவளுக்கு ஒரு யோசனை வந்தது. பயத்தில் வரும் யோசனை எந்த லட்சணத்தில் இருக்கும்? தகடுகள் கிடைத்துவிட்டால் ராபின் பொய் சொல்லவில்லை என்று ஆகிவிடும் அல்லவா? வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கூட்ட வந்தவள், சாமி மேசைக்கு அடியிலிருந்து மூன்று தகட்டையும் உருவி, ஜெனரேட்டரின் பேஸுக்கு உள்பக்கம், கண்ணில் படுகிற மாதிரியும் படாத மாதிரியும் போட்டு வைத்தாள். செய்துவிட்டுக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தாள்.

பத்து மணிக்கு ராபின் வந்தான். எப்படியிருந்தாலும் வேலையைச் சரிசெய்து கொடுக்காமல் விட மாட்டேன் என்று சொல்லியிருந்தான். டார்ச் அடித்தவன் கண்ணில் தகடுகள் பட்டன. எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தான். அவன் சந்தோஷப்படுவான் என்று ஒச்சாயி எதிர்பார்த்திருந்தாள். அவனோ போல்ட்டையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சாமியப்பனிடம் போய்த் தகடுகளைக் காட்டினான். ஒச்சாயியும் பின்னாலேயே போனாள்.

"தப்பு எம்மேலதாங்க. எடுத்து வெளிய வச்சிருக்கேன், உள்ள போட மறந்துட்டேன். அன்னைக்கிப் புள்ளைக்கிக் காய்ச்சல்னு போன் வந்துச்சில்லா, அந்தப் பதட்டத்துல வெறும் கால முறுக்கிட்டுப் போயிருக்கேன். வச்சேன் வச்சேன்னு உங்ககிட்ட சத்தம் வேற போட்டேன்."

சாமியப்பனின் முகம் இளகிவிட்டது. மனுஷனுக்கு மறதி வராதா, விடுங்க என்றார். ஆனால் ராபின் விடவில்லை. வைக்காததை வைத்ததாக மனசார நம்பிக்கொண்டிருக்கிறேன் என்றால், இத்தனை கம்பெனியில் வேறு எதையெல்லாம் விட்டிருப்பேன், ஓடுகிற கப்ளிங் உடைந்து தெறித்து யார்மேலாவது பட்டால் என்ன செய்வேன் என்றான். இனிமேல் ஸ்பேனரைத் தொட அவனுக்குத் தைரியம் இல்லை. இதை மட்டும் முடித்துவிட்டு, சனிக்கிழமை குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்புவதாகச் சொன்னான். மாமனார் ஐஸ் கம்பெனியில் மூட்டை தூக்குகிறார், அங்கே ஒரு ஆள் வேண்டுமாம்.

அங்கேயே நின்று நதியாவுக்குப் போன் போட்டான். நேற்றிலிருந்தே ஊருக்குப் போய்விடலாம் என்று அவள் பாத்திரங்களைக் கட்டத் தொடங்கியிருந்தாளாம். தப்புச் செய்யாத நாம் ஏன் போக வேண்டும் என்று இவன்தான் மறுத்திருந்தான். இப்போது, "கட்டிரு நதியா. போயிருவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான்.

ஒச்சாயி அவன் கையைப் பார்த்தாள். ஜெனரேட்டர் அறைக்குத் திரும்பி ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டியவன், எடுத்துவிட்டு மறுபடி மாட்டினான். மாட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தான். முந்தாநாள் வரை பார்க்காமலே வேலை செய்த கை அது. தலைமுடி கனத்தில் பாதியைக் கண்டுபிடித்த கை. அதை இப்படி ஆக்கியது யார்? அவள் தாங்கமாட்டாமல் சாமியப்பனைப் போய் அழைத்து வந்தாள். அறையோ வேலையோ போனால் போகட்டும் என்று பெரிதாக முடிவெடுத்ததாகவெல்லாம் சொல்ல முடியாது. அந்தக் கை தடவியதை இன்னொரு தடவை பார்க்க அவளால் முடியவில்லை, அதுதான் காரணம்.

"அந்தத் தகட்ட நாந்தான் எடுத்தேன் மொதலாளி. பூசைக்குத் தொடைக்கிறப்ப உருவிப்புட்டேன். இன்னைக்குக் காலையில கொண்டாந்து போட்டதும் நாந்தான்" என்றாள்.

சாமியப்பன் அவளைப் பார்த்தார், ராபினைப் பார்த்தார், பிறகு லேசாகச் சிரித்தார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "நீங்க ரெண்டு பேரும் தெக்கத்திக்காரங்க. பாவம்னு பழிய எடுத்துத் தலைல போட்டுக்கறீங். உங்க நல்ல மனசு எனக்குத் தெரியாதுங்களா? ஆனா முந்நூறு கிலோ மெஷினு, உங்களாலெல்லாம் அதைய அசைக்க முடியாதுங்க" என்றார். ராபினும் தலையை ஆட்டினான். எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம்க்கா என்றான்.

இத்தனை வருஷமாக இந்த ஷெட்டில் அவள் சொன்ன எதையும் யாரும் சந்தேகித்ததில்லை. கடைசியில் சந்தேகிக்கப்பட்டது இந்த உண்மைதான். ஒச்சாயிக்குக் கோபமே வந்துவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகினாள். போய் ரோல் வண்டிக் கம்பியைக் கொண்டுவந்தாள். ராபின் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி, சுவர்ப் பக்கத்துப் போல்ட்டில் மாட்டி, காலை பேஸில் ஊன்றி, ஒரே இழுப்பில் தளர்த்தினாள். போல்ட்டைக் கழற்றித் துடைத்து ஓரமாக வைத்தாள். கம்பியைக் காலுக்கு அடியில் கொடுத்து, அதன் கீழே ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து, உடம்பை அதன்மேல் சாய்த்தாள். ஆல்டர்னேட்டரின் கால் மெல்ல எழும்பியது. ஒரு கையால் கம்பியை அழுத்திக்கொண்டே, மறுகையால் வளைந்த கம்பியை உள்ளே விட்டுச் சுழற்றி எடுத்துக் காட்டினாள். மூச்சு வாங்கியது.

"இப்படித்தேன் எடுத்தேன்."

சாமியப்பன் குனிந்து, எழும்பிய காலைப் பார்த்தார். ராபின் கிட்டே வந்தான். அவன் குரல் தணிந்திருந்தது.

"எக்கா, எந்தக் காலுக்கு அடியில எத்தன தகடு இருந்துச்சு?"

அவள் யோசிக்கக்கூட இல்லை. "செவுத்துப் பக்கம் ரெண்டு. வாசப் பக்கம் ஒண்ணு."

அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சாமியப்பனிடம்கூட மூன்று என்றுதான் சொல்லியிருந்தான். சுவர்ப் பக்கம் கூடுதலாகத் தாழ்ந்திருந்ததால் அங்கே இரண்டு வைத்தது, வைத்தவனுக்கும் எடுத்தவளுக்கும் மட்டும்தான் தெரியும். ராபின் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, கிரீஸ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். வச்சிருக்கேன், வச்சிருக்கேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒச்சாயிக்கு அவனைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. அவனுக்கு ஆறுதல் சொல்லத் தனக்கு உரிமை இல்லை என்பதால் தள்ளியே நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் போல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தான். இவ்வளவு இறுக்கமாக வேறு யாரும் முறுக்க மாட்டார்கள் என்றுதான் நானே முறுக்கியதாக நினைத்துவிட்டேன் என்றான். அதில் பாராட்டு இருந்ததா, குற்றச்சாட்டு இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

பிறகு வேலை நடந்தது. தகடுகளைத் துடைத்து அதனதன் இடத்தில் வைத்தார்கள். நெம்பியதில் ஆல்டர்னேட்டர் பக்கவாட்டிலும் கொஞ்சம் நகர்ந்திருந்தது, அதனால்தான் சத்தம் முன்னைவிட மோசமானது என்று ராபின் கண்டுபிடித்தான். ஒச்சாயி கப்ளிங்கைக் கால் கால் சுற்றாகச் சுற்றிக் கொடுத்தாள். அவன் அளந்தான், தட்டினான், மறுபடி அளந்தான். சூடேற்றி நிறுத்தி அளந்தான். இந்தத் தடவை கடைசி ஓட்டத்தையும் ஓட்டிப் பார்த்தான். இன்ஜின் தன் சத்தத்தை மட்டும் போட்டது. தடதடப்பு இல்லை. லைன் வீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, ஜெனரேட்டர்தான் ஓடுதா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சாமியப்பன் அங்கேயே நின்று பெருமாநல்லூருக்கு இரண்டு போன் போட்டார். ஏனுங்க, ராபினைப் பத்தி நான் சொன்னது தப்புங்க, தப்பு எங்க கம்பெனியிலதானுங்க என்று இரண்டு பேரிடமும் சொன்னார். ஒச்சாயியின் பேரைச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு அவளிடம் திரும்பினார். இனிமேல் ஸ்பேனரைத் தொடக் கூடாது, கேட்காமல் எதையும் கழற்றக் கூடாது என்றார். கொஞ்சம் நிறுத்தி, அன்னைக்கே சொல்லியிருந்தா நான் உங்களைய என்னங்க பண்ணியிருக்கப் போறேன் என்று கேட்டார். அவர் என்ன செய்திருப்பார் என்று அவருக்கே உறுதியாகத் தெரியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒச்சாயி தலையைக் குனிந்துகொண்டாள். வேலை போகவில்லை. அறையும் போகவில்லை. 

ராபின் கையைக் கழுவிவிட்டு நதியாவைப் போனில் கூப்பிட்டான்.

"கட்டுனத அவுத்துரு. போகல" என்றான். அந்தப் பக்கம் அவள் ஏன், என்ன என்று கேட்டிருக்க வேண்டும்.  அவன் போனை ஒச்சாயியிடம் நீட்டினான். "நீங்களே சொல்லிருங்கக்கா. நான் சொன்னா, மனசு தேத்துறதுக்குச் சொல்லுதேன்னு நெனச்சுக்கிடுவா."

சாமியப்பனிடம் சொன்னதுகூட இவ்வளவு கஷ்டமாக இல்லை. ஒச்சாயி ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினாள்.

"ஆத்தா, நான் ஒச்சாயி பேசுறேன், இங்கிட்டு கம்பெனியில கூட்டுறவ. ஒங்க வீட்டுக்காரரு எதையும் மறக்கலத்தா. அவரு சரியாத்தேன் வச்சிருந்தாரு. தெரியாம உருவிப்புட்டது நாந்தேன். தெரிஞ்ச பெறகும் மூணு நாளு வாயத் தொறக்காம இருந்ததும் நாந்தேன்."

 அந்தப் பக்கம் நதியா அழும் சத்தம் கேட்டது. திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை, அழுதாள். ஒச்சாயி போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை காதோடு வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.